சிறு பங்குதாரருக்கும் ஒரு வக்கீல் வேண்டும்

2002 ஜனவரியில் ஹூஸ்டன் நகரக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வந்த வழக்கறிஞர் பில் லெராக்கின் கையில் ஒரு பெட்டி இருந்தது. உள்ளே நார்நாராகக் கிழிக்கப்பட்ட காகிதங்கள். முந்தைய மாதம் திவாலான என்ரான் நிறுவனத்தின் அலுவலகக் காகிதங்கள் அவை. அங்கே வேலை பார்த்த ஒருவர், சாமான்களைப் பெட்டியில் அடுக்கும்போது இடையில் திணிக்க உதவுமே என்று எடுத்துப்போயிருந்த குப்பை. கேமராக்களின் முன் லெராக் அதைத் தூக்கிக் காட்டினார். ஆவணங்கள் அழிக்கப்படுகின்றன என்று எத்தனை பக்கம் மனு எழுதியிருந்தாலும் அந்தப் பெட்டி அளவுக்கு அது ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்திருக்காது.

என்ரான் பங்கின் விலை 2000 ஆகஸ்டில் 90 டாலரைத் தொட்டது. 2001 டிசம்பர் 2 அன்று நிறுவனம் திவால் மனு போட்டபோது ஒரு டாலர்கூடத் தேறவில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மட்டும் சுமார் 14.5 கோடி டாலர் நஷ்டம். பாதிக்கப்பட்ட எல்லாருக்குமாகச் சேர்த்துத் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கில் அந்தப் பல்கலைக்கழகமே முதன்மை வாதி ஆனது. லெராக் அதன் வக்கீல்.

என்ரானிடம் கொடுக்கப் பணம் இல்லை. அதனால், பொய்க் கணக்குக்குத் துணைபோனார்கள் என்று சொல்லி அதன் வங்கிகளை வழக்கில் இழுத்தார். கனடாவின் சிஐபிசி 240 கோடி டாலர், ஜேபி மார்கன் சேஸ் 220 கோடி, சிட்டிகுரூப் 200 கோடி என்று சமரசத்துக்கு வந்தன. இயக்குநர்கள் 18 பேரின் சார்பில் 16.8 கோடி டாலர் வந்தது. அதில் 1.3 கோடி, பத்து இயக்குநர்களின் சொந்தப் பையிலிருந்து. எல்லாம் சேர்த்து 720 கோடி டாலருக்கும் மேல். அமெரிக்கப் பங்குச் சந்தை மோசடிக் கூட்டு வழக்குகளில் இதைவிடப் பெரிய தொகை வேறெதிலும் வந்ததில்லை.

பணம் பங்குதாரர்கள் கைக்கு வந்து சேரத் தொடங்கிய 2008-இல் லெராக் இருந்த இடம் சிறை.

இந்த இரண்டு செய்திகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுபவர்கள் இரு தரப்பிலும் உண்டு. முதலீட்டாளர் வழக்குகளை ஆதரிப்போர் 720 கோடியைச் சொல்வார்கள். எதிர்ப்போர் சிறையைச் சொல்வார்கள். இந்தியா இவ்விஷயத்தில் ஒரு முடிவுக்கு வர வேண்டுமானால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1946-இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர் லெராக். 1970-இல் சட்டப் படிப்பை முடித்து, பெரிய நிறுவனங்களுக்கு வாதாடும் உள்ளூர் சட்ட நிறுவனம் ஒன்றில்தான் தொழிலைத் தொடங்கினார். 1976-இல் எதிர்த்தரப்புக்கு மாறினார். நியூயார்க்கின் மில்பெர்க் வைஸ் சட்ட நிறுவனத்துக்கு சான் டியேகோவில் கிளை தொடங்கியது அவர்தான். அடுத்த இருபது ஆண்டுகளில் சிலிக்கான் பள்ளத்தாக்கு அஞ்சிய பெயர் அவருடையது. பங்கு விலை திடீரென்று சரிந்தால் சில நாள்களுக்குள் வழக்கு வந்துவிடும்.

இந்தத் தொழில் நடக்கும் விதம் தனி. ஆயிரம் டாலர் இழந்த ஒருவர் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் மேல் தனியாக வழக்குப் போட மாட்டார்; செலவு நஷ்டத்தைத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட லட்சம் பேரை ஒரே வழக்கில் திரட்ட அமெரிக்க நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. செலவு முழுவதும் வக்கீலுடையது. தோற்றால் அவருக்குச் சல்லிக்காசு கிடையாது. ஜெயித்தால் கிடைத்ததில் ஒரு பங்கு, அதுவும் நீதிபதி ஒப்புக்கொண்டால்தான். முன்னாள் ஊழியர்களைத் தேடிப் பிடிப்பது, கணக்கு நிபுணர்களை அமர்த்துவது, பொய்ச் செய்தியால் பங்கு விலை எவ்வளவு ஊதியது என்று பொருளாதார அறிஞர்களைக் கொண்டு கணக்கிடுவது என்று வருஷக்கணக்கில் கைக்காசு கரையும். தீர்ப்பு வரை போகும் வழக்குகள் அபூர்வம். ஹவுஸ்ஹோல்ட் இன்டர்நேஷனல் மீது லெராக்கின் குழு 2002-இல் தொடுத்த வழக்கில் ஜூரியின் தீர்ப்பு 2009-இல் வந்தது, 157.5 கோடி டாலரில் அது முடிந்தது 2016-இல்.

இப்படிச் சொந்தக் காசைப் பணயம் வைக்கும் வக்கீலிடம் உழைப்பும் இருக்கும், பேராசையும் இருக்கும். அன்றைய நடைமுறையில் முதலில் வழக்குப் போட்டவருக்கே தலைமைப் பொறுப்பு கிடைத்தது. எனவே கையெழுத்துப் போடத் தயாரான வாதிகளை மில்பெர்க் வைஸ் கைவசம் வைத்திருந்தது. பல நிறுவனங்களில் கொஞ்சம் கொஞ்சம் பங்கு வைத்திருக்கும் சிலருக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியை இரகசியமாகக் கொடுத்து, 150-க்கும் மேற்பட்ட வழக்குகளில் அவர்களை வாதிகளாக நிறுத்தியது. கொடுத்த தொகை ஒரு கோடி டாலருக்கு மேல் என்றது அரசுத் தரப்பு. மற்றப் பங்குதாரர்களின் நலனைக் காக்க வேண்டிய வாதி, வக்கீலின் கூலிக்காரராக நின்றார். நீதிமன்றத்துக்கு அது மறைக்கப்பட்டது.

2007-இல் லெராக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இரண்டாண்டு சிறை, இரண்டரை லட்சம் டாலர் அபராதம், 77.5 லட்சம் டாலர் பறிமுதல். மூத்த பங்காளி மெல்வின் வைஸுக்கு 30 மாதச் சிறை. சட்ட நிறுவனம் 7.5 கோடி டாலர் செலுத்தித் தன் மீதான வழக்கை முடித்துக்கொண்டது. லெராக்குக்கு வக்கீல் தொழிலே போயிற்று.

இதற்கு வெகு முன்பே அமெரிக்க நாடாளுமன்றம் ஓட்டையை அடையாளம் கண்டிருந்தது. 1995-இல் அதிபர் கிளின்டனின் மறுப்பாணையையும் மீறி ஒரு சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. முந்திக்கொண்டவருக்குத் தலைமை என்பது போய், அதிகம் இழந்தவருக்குத் தலைமை என்று ஆனது. மோசடி நோக்கத்தைத் தொடக்க மனுவிலேயே விவரமாகக் காட்ட வேண்டும். வழக்கு நிற்கும் என்று நீதிபதி சொல்லும்வரை எதிர்த்தரப்பின் ஆவணங்களைக் கேட்க முடியாது. லெராக்கை முடக்கக் கொண்டுவந்ததாகவே பலர் கருதிய சட்டம் அது. அதே சட்டத்தின்கீழ்தான் ஒரு பல்கலைக்கழகத்தை முதன்மை வாதியாக நிறுத்தி அவர் என்ரான் வழக்கை நடத்தினார். காவல் கூடியதே தவிர, கதவை யாரும் அடைக்கவில்லை.

இந்தியாவில் கதை வேறு. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர் தலைவர் ராமலிங்க ராஜு, பல ஆண்டுகளாகக் கணக்கை ஊதிக் காட்டியதாகக் கடிதம் எழுதினார். அன்று ஒரே நாளில் பங்கின் மதிப்பில் முக்கால் பங்குக்கு மேல் காணாமல்போனது. நியூயார்க் சந்தையில் சத்யம் பங்குச் சான்று வாங்கியவர்களுக்காக அங்கே கூட்டு வழக்கு தொடுக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் சத்யம் 12.5 கோடி டாலருக்கும், தணிக்கை செய்த பிரைஸ் வாட்டர்ஹவுஸ் தரப்பு 2.55 கோடி டாலருக்கும் சமரசம் செய்துகொண்டன. அதே பொய்க் கணக்கை நம்பி மும்பைச் சந்தையில் பங்கு வாங்கியவருக்கு அப்படி ஒரு ரூபாய்கூட வரவில்லை. முதலீட்டாளர் சங்கம் ஒன்று இழப்பீடு கேட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்று வெறுங்கையோடு திரும்பியது. ராஜுவுக்கு 2015-இல் ஏழாண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது உண்மை. தண்டனை வேறு, இழந்த பணம் திரும்புவது வேறு.

அந்த அதிர்ச்சிக்குப் பின் வந்த 2013 நிறுவனச் சட்டத்தின் 245-ஆம் பிரிவு கூட்டு வழக்குக்கு வழி திறந்தது. 2016-இல் அது நடைமுறைக்கு வந்தது. நூறு பங்குதாரர்கள் சேர்ந்தாலே சென்னை உள்ளிட்ட அமர்வுகளில் நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தை அணுகலாம். இயக்குநர், தணிக்கையாளர், ஆலோசகர் எல்லாரிடமும் இழப்பீடு கேட்கலாம். படிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் இதுவரை வந்த வழக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். டீமேட் கணக்குகள் 2022-இல் பத்துக் கோடியைத் தாண்டி, 2024-இல் பதினைந்து கோடியைத் தாண்டிய நாட்டின் நிலை இது.

காரணம் எளிது: வழக்கை எடுத்து நடத்த எந்த வக்கீலுக்கும் இங்கே ஆதாயமில்லை. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசவோ, கிடைத்ததில் பங்கு கேட்கவோ கூடாது என்கிறது இந்திய பார் கவுன்சிலின் விதி. அந்த நூறு பேரைத் தேடிச் சேர்ப்பது யார்? நிபுணருக்கு முன்பணம் தருவது யார்? எதிரே நிற்கும் நிறுவனமோ மூத்த வழக்கறிஞர்களை வரிசையாக நிறுத்தும். அந்தச் செலவும் பங்குதாரரின் பணம்தான்.

கூட்டு வழக்கால் பயனில்லை என்பவர்களிடம் ஒரு நியாயமான வாதம் உண்டு. நிறுவனம் இழப்பீடு கொடுத்தால், இன்றைய பங்குதாரரின் பணம் நேற்றைய பங்குதாரருக்குப் போகிறது, அவ்வளவுதான் என்பார்கள். சத்யம் கொடுத்த 12.5 கோடிக்கு அது பொருந்தும். என்ரான் வங்கிகளும் இயக்குநர்களும் தணிக்கையாளர்களும் கொடுத்த பணத்துக்குப் பொருந்தாது. ஆகவே, பொய்க்குத் துணைபோன மூன்றாம் தரப்பை நோக்கி வழக்கைத் திருப்புவதே சரி. இதில் அமெரிக்காவைக் கண்ணை மூடிப் பின்பற்றவும் வேண்டாம். 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குறுக்கிட்டதால், அதுவரை சமரசத்துக்கு வராத மெரில் லின்ச் போன்ற வங்கிகள் என்ரான் வழக்கிலிருந்து தப்பித்துவிட்டன.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, 245-ஆம் பிரிவு வழக்குகளுக்கு மட்டும் வெற்றிக் கட்டணத்தை அனுமதிக்க வேண்டும். அதன் உச்சவரம்பைத் தீர்ப்பாயம் நிர்ணயிக்கட்டும்; வாதிக்கும் வக்கீலுக்கும் இடையிலான எல்லாப் பணப் பரிமாற்றமும் உறுதிமொழிப் பத்திரத்தில் வெளிப்படட்டும். லெராக் சிறைக்குப் போன வழி அதனால் அடைபடும். இரண்டாவது, இத்தகைய வழக்கின் செலவை முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியிலிருந்து ஈடுசெய்யலாம் என்று 125-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஏழாண்டுகள் யாரும் கேட்காமல் கிடந்த ஈவுத்தொகை போய்ச் சேரும் நிதி அது, அதாவது பங்குதாரர்களின் பணமேதான். வழக்கு முடிந்தபின் தருவதற்குப் பதிலாக, முதல் விசாரணையில் தாக்குப்பிடிக்கும் வழக்குகளுக்கு முன்பணமாகத் தர வேண்டும். மூன்றாவது, 245-ஆம் பிரிவு வங்கி நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்ற விலக்கை நீக்க வேண்டும். சாதாரணக் குடும்பங்கள் அதிகம் வைத்திருக்கும் பங்குகளில் வங்கிப் பங்குகள் முன்னிற்கும்போது இந்தச் சலுகைக்கு நியாயம் இல்லை.

வக்கீல் அல்லாத மூன்றாம் தரப்பினர் வழக்குக்குப் பணம் போடத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் குறிப்பிட்டிருக்கிறது. வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு அது. வெளியார் பணம் போடலாம், வழக்கை நடத்தும் வக்கீல் மட்டும் அபாயத்தைப் பகிரக் கூடாது என்பது இனியும் நிற்காது. கட்டண விதியில் முதல் அடி வைக்க வேண்டியது பார் கவுன்சில். செலவுத் தொகைக்கான நடைமுறையை மாற்ற வேண்டியது மத்திய நிறுவன விவகார அமைச்சகம். வங்கி விலக்கை நீக்க நாடாளுமன்றத்தில் ஒரு சிறு திருத்த மசோதா போதும்.