வானத்தில் மர்ம வெளிச்சம்: 329 முறை பதிவு செய்த ராணுவம்... கடைசியில் தெரிந்த உண்மை என்ன?

சிவகாசி, சாத்தூர் பக்கம் ராத்திரி வானத்தில் வெளிச்சம் தெரிந்தால், 'யாரோ பேன்சி ரகம் விட்டுப் பாக்குறாங்க' என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். மற்ற ஊர்களில் அதே வெளிச்சம் 'பறக்கும் தட்டு' ஆகிவிடுகிறது. ஆனால் அதிகாரிகள் முறையாக விசாரித்தால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ரொம்பச் சாதாரணமானது.

லடாக்கில் நடந்தது என்ன?

2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை, சீன எல்லையை ஒட்டிய ஏரிப் பகுதியில் அடையாளம் தெரியாத ஒளிப்பொருட்களை 329 முறை பார்த்ததாக நம் ராணுவ வீரர்கள் பதிவு செய்தனர். அதில் 155 முறை அவை எல்லை தாண்டி வந்ததாகவும் கருதப்பட்டது. சீனாவின் உளவு டிரோன்களோ என்ற சந்தேகம் கிளம்பியது.

விஷயம் பெங்களூருவில் உள்ள இந்திய வானியற்பியல் மையத்துக்குப் போனது. திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் பெரிய தொலைநோக்கியை வைத்திருக்கும் அதே நிறுவனம்தான் இது.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

அந்த ஒளிப்பொருட்கள் நகர்ந்த விதத்தைப் பின்னணி நட்சத்திரங்களோடு ஒப்பிட்டார்கள். டிரோன் நினைத்த பக்கம் திரும்பும். கிரகமோ, பூமி சுழல்வதால், நட்சத்திரங்களோடு சேர்ந்து கிழக்கிலிருந்து மேற்கே போகும். முடிவு: அவை வியாழனும் வெள்ளியும்! உயரமான மலைப்பகுதியில் காற்று தெளிவாக இருப்பதால் கிரகங்கள் வழக்கத்தைவிடப் பிரகாசமாகத் தெரியும்.

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் எல்லையில் பதற்றம் இருந்த நேரம் அது. ஒரு கிரகத்தை எதிரி என்று நினைத்திருந்தால் விளைவு வேறு மாதிரி ஆகியிருக்கும்.

அமெரிக்க விமானப்படையும் 'புளூ புக்' என்ற பெயரில் 1969 வரை 12,618 சம்பவங்களை விசாரித்தது. விளக்கம் கிடைக்காதவை 701 மட்டுமே.

நாட்றம்பள்ளி: விண்கல்லா, வெடியா?

2016 பிப்ரவரி 6. நாட்றம்பள்ளி அருகே தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் பயங்கர சத்தம், தரையில் பள்ளம், பேருந்து ஓட்டுநர் ஒருவர் பலி. விண்கல் விழுந்தது என்று அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா அறிவித்து, குடும்பத்துக்கு ரூ.1 லட்சம் நிவாரணம் வழங்க உத்தரவிட்டார். ஆனால் இணையத்தில் வெளியான படங்களைப் பார்த்த நாசா, அது தரையில் நடந்த வெடிப்பு போலவே இருக்கிறது என்றது.

இந்த வித்தியாசம் சின்னது இல்லை. விண்கல் என்றால் யாரும் பொறுப்பில்லை. வெடிபொருள் என்றால், 'யார் வைத்தது, அனுமதி இருந்ததா?' என்ற கேள்விகள் வரும்.

விருதுநகருக்கு என்ன சம்பந்தம்?

அந்தக் கேள்விகளின் மதிப்பு இந்த மாவட்டத்துக்கு நன்றாகவே தெரியும். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலை விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இப்படிப்பட்ட இடத்தில் காரணம் தெரியாத எந்தச் சத்தத்தையும் 'மர்மம்' என்று விட்டுவிட முடியாது.

இன்னொன்று: பக்கத்து தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்தி நேரத்தில் ராக்கெட் கிளம்பினால், தரை இருட்டிவிட்டாலும் உயரத்தில் அதன் புகை மீது சூரிய ஒளி படும். வானத்தில் பெரிய வெண்விசிறி போலத் தெரியும். இனி தென் மாவட்ட மக்களும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

நீங்கள் பார்த்தால் என்ன செய்யலாம்?

• பத்து நிமிடம் பாருங்கள். கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றால் பெரும்பாலும் கிரகம்தான்.
• வரிசையாக ஒளிப்புள்ளிகள் போனால், ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களாக இருக்கலாம்.
• ஆரஞ்சு நிறத்தில் காற்றோடு மிதந்தால், பறக்கும் விளக்காக இருக்கலாம்.
• வீடியோவில் நேரம், இடம், திசையைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். விசாரிப்பவர்களுக்கு அதுதான் உதவும்.
• ஏதாவது கீழே விழுந்தால் தொடாதீர்கள். விண்கல்லோ, வெடிக்காத பட்டாசோ, 112-க்கு போன் செய்து சொல்லுங்கள்.