சிறுநீர்ப்பையில் ஒரு வெண்படலம்

வலியோடு வரும் நோய் ஒருவகையில் நன்மை செய்வதே. அது நோயாளியைத் தானே வைத்தியரிடம் இட்டுச் செல்லும். வலியின்றி நெடுநாள் உள்ளுறைந்து கிடக்கும் மாற்றங்களே அஞ்சத்தக்கன. சிறுநீர்ப்பையினுள் அரிதாகத் தோன்றும் வெண்படலம் அத்தகையது. வைத்தியர் இதனை லியூக்கோப்பிளாக்கியா என்பர்.

சிறுநீர்ப்பையின் உட்சுவரை விரிந்து சுருங்கவல்ல மெல்லிய மேலணி போர்த்துள்ளது. கல்லோ, நாட்பட்ட கிருமித் தொற்றோ, நெடுங்காலம் பொருத்தப்பட்ட குழாயோ அதனை இடைவிடாது உறுத்துமாயின், அம்மேலணி இயல்பு திரிந்து, உள்ளங்கைத் தோல்போலத் தடித்துக் கெரற்றினை உண்டாக்கும். எகிப்தில் நைல் நதிக்கரை உழவரிடையே இம்மாற்றத்தை விளைத்தது ஓர் ஒட்டுண்ணிப் புழு. தியடோர் பில்ஹார்ஸ் என்னும் ஜெர்மானிய வைத்தியர் அதனை 1851 ஆம் ஆண்டிற் கெய்ரோவிற் கண்டறிந்தார்.

இப்படலம் புற்றுநோயன்று. ஆயினும் சிலரிடத்து, ஆண்டுகள் பல கழிந்தபின், புற்றுநோய் தோன்ற இது இடமாகலாம். எவரிடத்துத் தோன்றும் என முன்கூட்டிச் சொல்லுதல் அரிது. படலம் பரந்திருப்பின் அச்சமும் மிகும்.

இதனைக் கண்டறிவது எவ்வாறு? சிறுநீர்ப்பையினுள் நோக்கும் கருவியை மக்ஸ் நிற்சே என்பார் 1879 ஆம் ஆண்டில் வியன்னா நகர வைத்தியர்க்குக் காட்டினார். அன்று ஒளி தந்தது சுடர்விடும் பிளாற்றினக் கம்பி. அதன் வெப்பத்தைத் தணிக்க நீர் ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும். இன்று மெல்லிய வளையுங் குழாயே அப்பணியைச் செய்கிறது. எனினும் கண்ணாற் காண்பது மட்டும் போதாது. பெண்கள் பலருக்குச் சிறுநீர்ப்பையின் அடிப்பாகத்தில் வெண்ணிறப் பகுதியொன்று காணப்படுவதுண்டு. கெரற்றின் இல்லாத அது தீங்கற்றது. இவ்விரண்டையும் வேறுபடுத்த, சிறிது இழையத்தைக் கிள்ளியெடுத்து நுணுக்குக்காட்டியில் ஆராய்தல் வேண்டும்.

உறுத்தும் காரணத்தை நீக்குதல் முதற்பணி. அதன் பின்னர் செய்யத்தக்கது காவல். பொதுவாக ஆண்டுக்கொருமுறை வைத்தியர் உள்ளே நோக்குவர். ஐயந் தோன்றின் மீண்டும் இழையம் எடுப்பர். சிறுநீரில் உதிரும் கலங்களையும் ஆராய்வதுண்டு.

இங்கேதான் இடர்ப்பாடு உளது. “புற்றுநோயில்லை” என்னும் சொல்லைக் கேட்டதும் நாம் மகிழ்கின்றோம். கிளினிக் அட்டையை அலுமாரியில் வைத்து மறந்தும் விடுகின்றோம். வைத்தியர் கூறியதோ “இன்று இல்லை” என்பதே. அதனை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளல் வேண்டும்.

வீட்டிலுள்ள முதியோர் இத்தகைய செய்திகளை நாணத்தால் மறைப்பர். சிறுநீரில் இரத்தம் ஒருமுறை தோன்றித் தானே மறைந்தாலும் அதனை அசட்டை செய்யலாகாது. தவணை நாளை நினைவூட்டித் துணைக்குச் செல்வது பிள்ளைகளின் கடனாகும்.