ஓடியவருக்கு நான்கு ஆண்டு, ஊசி போட்டவருக்கு?

கல்லூரி விளையாட்டில் யாராவது ஊக்கமருந்தில் சிக்கினால் உடனே ஒரு குரல் எழுகிறது: "தண்டனை போதாது. ஆயுள் தடை போடுங்கள், ஜெயிலில் தள்ளுங்கள்." நாங்கள் திருப்பிக் கேட்கிறோம்: யாருக்குப் போதாது?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஊக்கமருந்துக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. மருந்து ஏற்றிக்கொண்டு ஓடுபவர் மூன்றாவதாக வந்தால், கஞ்சி குடித்துவிட்டு நேர்மையாக ஓடி நான்காவதாக வந்த பிள்ளையின் பதக்கம் பறிபோகிறது. அந்த நான்காவது பிள்ளை பெரும்பாலும் நம் தெருப் பிள்ளைதான். மல்லசமுத்திரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் தறி ஓட்டுபவர், லாரிக்குப் போகிறவர், கோழிப்பண்ணையில் கூலி வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மைதானம் பொழுதுபோக்கு இடம் கிடையாது. கட்டணம் இல்லாமல் கல்லூரி சீட்டு, ஹாஸ்டல் சாப்பாடு, பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலையோ ரயில்வே வேலையோ என்று அவர்களுக்குத் திறந்திருக்கும் ஒரே வாசல் அது. அதில் யார் மோசடி செய்தாலும் முதல் அடி நமக்குத்தான்.

நோய் பெரியது என்பதிலும் சந்தேகமில்லை. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடாவின் கணக்குப்படி 2023இல் இந்தியாவில் 5,606 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. 213இல் மருந்து இருந்தது. அதாவது 3.8 சதவீதம். 5,000 மாதிரிக்கு மேல் சோதித்த நாடுகளில் இதுதான் மிக அதிகம். அதே 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியின் ஆண்கள் 100 மீட்டர் இறுதிக்கு எட்டுப் பேர் தகுதி பெற்றிருந்தார்கள். தேசிய முகமையான நாடாவின் அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், ஓட வந்தவர் ஒரே ஒருவர்தான்.

தண்டனை லேசாக இருப்பதால்தான் இப்படி நடக்கிறதா? விதியைப் பாருங்கள். ஸ்டீராய்டு போன்ற மருந்துக்கு வழக்கமான தடை 4 ஆண்டுகள். தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால் 2 ஆண்டுகள். நிரூபிக்கும் சுமை விளையாட்டு வீரர் தலையில். 4 ஆண்டுத் தடை விழுந்தால் கடைசி 2 மாதம் வரை அணியோடு சேர்ந்து பயிற்சிகூட எடுக்க முடியாது. பட்டப்படிப்போ 3 ஆண்டுகள்தான். 19 வயதில் தடை வாங்கும் மாணவி 23 வயதில் வெளியே வரும்போது கல்லூரியும் இல்லை, ஹாஸ்டலும் இல்லை, ஒதுக்கீடும் இல்லை. இதைவிடக் கடுமையாக என்ன வேண்டும்?

காகிதத்தில் எல்லோருக்கும் ஒரே தண்டனைதான். நிஜத்தில் அப்படி இல்லை. புரோட்டீன் பவுடரில் கலப்படம் இருந்தது என்று காட்ட முடிந்தால் தடை குறையும். காட்டுவதற்கு என்ன வேண்டும்? பவுடரை ஆய்வகத்தில் சோதிக்கப் பணம், 'பி' மாதிரியைச் சோதிக்கப் பணம், ஆங்கிலத்தில் வாதாட வக்கீல். பணம் இருப்பவர் தடையைக் குறைத்துக்கொள்கிறார். இல்லாதவர் முழுதாக அனுபவிக்கிறார். ஒரே குற்றத்துக்கு ஆளைப் பார்த்துத் தண்டனை சொன்ன மனுவின் கணக்கு நமக்குப் புதிதா என்ன?

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சவுந்தரராஜனை நினைத்துப் பாருங்கள். தலித் குடும்பம், செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அவர் எந்த மருந்தும் எடுக்கவில்லை. பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பறித்தார்கள். பிறகு அவரே செங்கல் சூளைக்குக் கூலிக்குப் போக நேர்ந்தது. 2014இல் இதே போன்ற விதியால் ஓரங்கட்டப்பட்ட ஒடிசாவின் டூட்டி சந்துக்கு அரசின் ஆதரவும் வக்கீல்களும் கிடைத்தார்கள். சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2015இல் அந்த விதியையே நிறுத்திவைத்தது. சாந்திக்கு அன்று அப்படி வாதாட யார் இருந்தார்கள்?

திருச்சி மாவட்டத்தின் கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் அதே தோஹாவில், அதே 800 மீட்டரில் ஆசியத் தங்கம் வென்றார். ஆனால் மார்ச்சில் பாட்டியாலாவில் கொடுத்த மாதிரியிலேயே ஸ்டீராய்டு இருந்தது. அந்த முடிவு உரிய நேரத்தில் வந்திருந்தால் அவர் தோஹாவுக்குப் போயிருக்கவே முடியாது. தெரிந்து எடுக்கவில்லை என்றார் அவர். பதக்கம் போனது, 4 ஆண்டுத் தடையும் வந்தது. முடிவைத் தாமதப்படுத்தும் அதிகாரிக்கு 4 ஆண்டுத் தடை என்று எந்த விதியிலும் இல்லை.

ஊசி போடும் பயிற்சியாளருக்குத் தண்டனை இருக்கிறதா என்றால், இருக்கிறது. மருந்தைக் கொடுப்பவருக்கும் விற்பவருக்கும் குறைந்தது 4 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தடை என்கிறது வாடா விதி. ஆனால் மாணவரைப் பிடிக்க ஒரு குப்பி சிறுநீர் போதும். பயிற்சியாளரைப் பிடிக்கச் சாட்சி வேண்டும். சாட்சி சொல்ல வேண்டியது யார்? அவர் கையெழுத்துப் போட்டால்தான் அணியில் இடம், ஹாஸ்டலில் தட்டு என்ற நிலையில் இருக்கும் மாணவர். பதக்கத்தைப் பேனரில் போட்டு அடுத்த ஆண்டு அட்மிஷன் பிடிக்கும் நிர்வாகமோ, சிக்கியதும் "மாணவரின் தனிப்பட்ட தவறு" என்று கைகழுவுகிறது.

ஆகவே எங்கள் பதில் இதுதான். மாணவருக்குத் தண்டனை போதும், போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது. மேலே இருப்பவர்களுக்குத்தான் போதவில்லை. நாங்கள் கேட்பவை:

ஒரே பயிற்சியாளரிடம் ஒன்றுக்கு மேற்பட்டவர் சிக்கினால் அவரைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்று இப்போதே விதி இருக்கிறது. கல்லூரி மாணவர் என்றால் ஒருவர் சிக்கினாலே விசாரிக்க வேண்டும். உடற்கல்வி இயக்குநரும் அதில் அடக்கம்.

மருந்து கொடுத்ததில் கல்லூரி ஆட்களுக்குப் பங்கு உண்டு என்று நிரூபணமானால் அந்த ஆண்டின் கோப்பையும் புள்ளிகளும் போக வேண்டும்.

தடை விழுந்தாலும் படிப்பு நிற்கக் கூடாது. பட்டம் முடியும்வரை கட்டணச் சலுகையும் ஹாஸ்டலும் தொடர வேண்டும்.

'பி' மாதிரிச் செலவையும் வக்கீல் செலவையும் அரசு ஏற்க வேண்டும். தடைசெய்யப்பட்ட மருந்துகள் பற்றி ஒவ்வோர் ஆண்டும் தமிழில் வகுப்பு நடக்க வேண்டும்.

தோழர்களே, அதுவரை காத்திருக்க வேண்டாம். லேபிள் இல்லாத மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். "சத்து ஊசி" என்றால் பெயரை எழுதிக் கேளுங்கள். கொடுத்தவர், தேதி, இடம் மூன்றையும் குறித்து வையுங்கள், டப்பாவைப் படம் எடுங்கள். நாளைக்கு விசாரணை என்று வந்தால், உங்கள் பக்கம் பேசப்போவது அந்தக் குறிப்புதான்.

ஜெய்பீம்.