ஓபிடியை ஒப்பந்தத்துக்கு விட்டால் காசு மிஞ்சுமா?

ஓபிடியைத் தனியாரிட்டை ஒப்பந்தத்துக்குக் குடுத்தால் வரிசையும் குறையும், செலவும் குறையும் எண்டு சொல்லுற ஆக்கள் எங்கட நாட்டிலும் இருக்கினம். படையினரின் குடும்பங்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் இதைச் செய்து பார்த்த நாடுகள் இருக்கு. ஆமிக்காரரின்ர விசயம் பூநகரியில் இருக்கிற எங்களுக்கு என்னத்துக்கு எண்டு கேட்பியள். கணக்கு ஒண்டுதான், அதுக்காகத்தான்.

1985 இல் அமெரிக்க இராணுவம் வேர்ஜினியாவின் ஃபெயர்ஃபாக்ஸில் முதலாவது 'பிறைமஸ்' கிளினிக்கைத் திறந்தது. நடத்தினது தனியார் கம்பனி, காசு அரசாங்கத்தின்ர. இப்படியான ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருக்கு. கிளினிக் கிட்ட வந்து, காசும் கேட்காவிட்டால், முந்தி கைக்காசில் மருந்து எடுத்தவையும், வருத்தத்தோட வீட்டில் கிடந்தவையும் வருவினம். ஒரு தரம் காட்டுற செலவு குறைஞ்சாலும் மொத்த பில் ஏறலாம். அதை வீண்செலவு எண்டும் சொல்லேலாது. சீனி வருத்தத்தை நேரத்தோட பிடிச்சால் பிறகு டயாலிசிஸ் செலவு மிஞ்சும்.

இந்தியா 2003 இல் முன்னாள் படைவீரர் பங்களிப்புச் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. பொலிகிளினிக் அரசாங்கத்தின்ர, வைத்தியர்கள் ஒப்பந்தத்தில். அங்க இல்லாத சிகிச்சைக்குப் பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவினம். பில் காசு வரப் பிந்தினதால் சில ஆஸ்பத்திரிகள் காசில்லாமல் பார்க்க மறுத்த செய்திகள் பலமுறை வந்தன. அப்ப அந்தச் சுமை ஓய்வூதியக்காரரின்ர தலையில்தான் விழும்.

இனிப் பூநகரிக்கு வருவம். எங்கட ஓபிடியைத் தனியாருக்குக் குடுத்தால், எந்தத் தனியாருக்கு? பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் யாழ்ப்பாணத்தில். 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபிறகு தூரம் குறைஞ்சதுதான். ஆனால் பஸ் காசும், கடலுக்கோ வயலுக்கோ போகாத ஒரு நாள் உழைப்பும் குறையேல்லை. அரசாங்கக் கணக்குப் புத்தகத்தில் இதுக்கு ஒரு நிரலும் இல்லை.

என்னைக் கேட்டால், நோயாளியை வெளியில அனுப்புற ஒப்பந்தம் எங்களுக்குச் சரிவராது. வைத்தியரை உள்ளுக்குக் கொண்டுவாற ஒப்பந்தம் சரிவரும். இருக்கிற ஆஸ்பத்திரியிலேயே பின்னேரத்திலும் சனி ஞாயிறிலும் ஒப்பந்த வைத்தியர் இருக்கட்டும். அரசாங்கத்தின்ர செலவையும் நோயாளியின்ர செலவையும் சேர்த்துக் கூட்டட்டும். அந்தக் கூட்டுத்தொகை குறைஞ்சால் மட்டும் அதை மலிவு எண்டு சொல்லுவம்.