முழுக் கணினியையும் அட்டவணைப்படுத்தினால் போதுமா?

கோப்பு தொலையாமலிருக்க விண்டோஸ் தேடல் கணினி முழுவதையும் அட்டவணைப்படுத்தட்டும் (index) என்ற ஆலோசனை பரவலாக இருக்கிறது. 2019இல் விண்டோஸ் 10க்கு வந்த ‘மேம்பட்ட’ தேடல் முறை அதைச் சுலபமாக்கியும் விட்டது. ஆனால், அப்புத்தளையிலோ பதுளையிலோ தோட்ட மக்களுக்குச் சத்தியக்கடதாசியும் சேமலாப நிதி விண்ணப்பமும் தட்டச்சு செய்து கொடுக்கும் கொமியூனிகேஷன் கடைக்கு இது பிழையான ஆலோசனை. இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய ஒரு சமூகத்துக்கு, பத்திரம் கையில் இல்லாததன் விலை நன்றாகத் தெரியும். அதனால்தான் இதை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் சேர்த்தால் எல்லாம் அகப்படும் என்பது முதல் வாதம். ஆனால், யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த கடிதம் திரையில்தான் தமிழ். கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். யூனிகோட்டில் பெயரை அடித்துத் தேடினால் அது வராது. ஃபோனில் படமெடுத்து அனுப்பிய பிறப்புச் சான்றிதழும் அப்படித்தான்: கோப்பின் பெயரில் ஆளின் பெயர் இல்லையென்றால் தேடலுக்கு அது வெறும் படம். இந்தக் குறையை அட்டவணையின் பரப்பு தீர்க்காது. யூனிகோட்டுக்கு மாற்றுவதும் ஒழுங்காகப் பெயரிடுவதுமே தீர்க்கும்.

இதனால் நட்டம் ஒன்றுமில்லை என்பது இரண்டாவது வாதம். ஆனால், அட்டவணை நான்கு இலட்சம் உருப்படிகளைத் தாண்டினால் வேகம் குறையக்கூடும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. பழைய வன்தட்டுள்ள கணினி அதற்கு முன்பே திணறும். அதைவிடப் பெரிய நட்டம் அந்தரங்கத்துக்கு. எல்லோருக்கும் ஒரே கணக்கில் வேலை நடக்கும் கணினியில், ஒருவருக்காகத் தேடும்போது இன்னொருவரின் அடையாள அட்டை இலக்கமும் திரையில் வந்து விழலாம். வேலை முடிந்த வாடிக்கையாளர்களின் கோப்புறைகளை அட்டவணையிலிருந்து விலக்குவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

தெரிவு செய்யப்போனால் முக்கியமானது விடுபடுமே என்ற மறுப்பில் நியாயம் உண்டு. விண்டோஸ் மீள நிறுவப்படும் என்ற பயத்தில் பலர் கோப்புகளை டி டிரைவில் வைக்கிறார்கள்; வழமையான அட்டவணை அங்கே போவதில்லை. அதற்காக முழு டிரைவையும் சேர்க்கத் தேவையில்லை. நடப்பு வேலைக்கான கோப்புறையை உள்ளடக்கத்தோடும், ஸ்கேன் படங்களைப் பெயர் முதலிய விபரங்களோடு மட்டும் சேர்த்தால் போதும். விடுபட்ட கோப்புறையையும் திறந்து கோப்பின் பெயரால் தேடலாம். கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். எந்தப் பத்திரம் யாருக்கு எப்போது தேவைப்படும் என்பது கடைக்காரருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஆகவே, எதைச் சேர்ப்பது என்ற முடிவையும் அவரே எடுக்க வேண்டும்.