மழலைப் பள்ளிக்குப் பூட்டுப் போடலாமா?



ஜூன் மாதம் பிறந்தால் கோட்டைமேட்டிலும் உக்கடத்திலும் கரும்புக்கடையிலும் குனியமுத்தூரிலும் ஒரு காட்சியைக் காணலாம். சீருடை அணிந்த பிள்ளையைக் கையில் பிடித்துக் கொண்டு பள்ளி அலுவலகத்தின் முன் ஒரு தாய் நிற்பாள். 'அடுத்த மாதம் கட்டி விடுகிறோம்' என்று தயங்கித் தயங்கிச் சொல்வாள். உள்ளே தலைமையாசிரியை இருப்பார். ஆசிரியைகளுக்குப் போன மாதச் சம்பளமே பாக்கி நிற்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். தாயை விரட்டவும் மனமில்லை, சேர்க்கவும் வழியில்லை. திருப்பூரிலும் ஈரோட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் பொள்ளாச்சியிலும் இதே கதைதான்.

பெரிய கல்லூரிக்கு அடிக்கல் நாட்டும் விழா என்றால் நம்மவர்கள் திரண்டு வருகிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்லித் தரும் சின்னஞ்சிறு பள்ளியைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்ட முடியுமா? சிந்திக்க வேண்டாமா?

கைவிரித்த அரசுகள்

ஏன் இந்த நிலை? காரணங்களை வரிசையாகப் பார்ப்போம்.

ஒரு காலத்தில் சமுதாயம் இடமும் கட்டடமும் கொடுத்தால் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுத்தது. அரசு உதவி பெறும் பள்ளிகள் அப்படித்தான் வளர்ந்தன. 1991-92 கல்வியாண்டு முதல் தமிழகத்தில் அந்தக் கதவு சாத்தப்பட்டது. அதற்குப் பின் தொடங்கும் தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் கேட்கும் உரிமை இல்லை என்று சட்டமே திருத்தப்பட்டது. அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு, கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையைச் சிறுபான்மையினருக்குத் தந்திருக்கிறது. உரிமை காகிதத்தில் இருக்கிறது. சம்பளத்துக்குப் பணம் எங்கே?

சச்சார் குழு 2006-ல் நம் சமுதாயத்தின் கல்விப் பின்னடைவை நாட்டின் முன் வைத்தது. அதைத் தொடர்ந்து 2008-ல் மத்திய அரசின் சிறுபான்மையினர் பள்ளிக் கல்வி உதவித்தொகை வந்தது. ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய் கிடைத்தது. சிறிய தொகைதான். ஆனால் பழைய இரும்புக் கடையில் கூலிக்கு நிற்கும் தகப்பனுக்கு அது பையும் நோட்டும் செருப்பும் ஆயிற்று. 2022 நவம்பரில் அந்த உதவி 9, 10 வகுப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. எட்டாம் வகுப்பு வரை கட்டாயக் கல்விச் சட்டம் இலவசக் கல்வி தருகிறதே, பிறகு உதவித்தொகை எதற்கு என்று காரணம் சொன்னார்கள். அடுத்த மாதமே மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையும் நிறுத்தப்பட்டது.

சரி, கட்டாயக் கல்விச் சட்டமாவது கை கொடுத்ததா? 2009-ல் இயற்றப்பட்ட அந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிர்வாக உரிமையைப் பொறுத்தவரை அது நமக்குப் பாதுகாப்பு. அதே வேளையில், மற்றத் தனியார் பள்ளிகளில் 25 சதவீத ஏழைப் பிள்ளைகளுக்கு அரசு ஈடு செய்யும் கட்டணமும் இந்தப் பள்ளிகளுக்கு இல்லை என்றாயிற்று. அந்தத் தீர்ப்பையே மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு கருத்துத் தெரிவித்து, விவகாரத்தை மேலே அனுப்பியது.

இத்தோடு முடிந்ததா? தேசிய கல்விக் கொள்கையை ஒட்டிய பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்திடவில்லை என்பதற்காக, 2024-25 ஆண்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. தமிழக அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் படியேற வேண்டியதாயிற்று. இரு அரசுகளின் இழுபறியில் 2025-26 ஆண்டின் 25 சதவீதச் சேர்க்கையும் உரிய காலத்தில் நடக்காமல் தள்ளிப் போயிற்று. யானைகள் மோதினால் நசுங்குவது காலடிப் புல்தான்!

கோவை மறந்துவிடக் கூடாத பாடம்

சகோதரர்களே! கல்வி நின்றால் என்ன நடக்கும் என்பதை மற்ற ஊர்களுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கலாம். கோவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1997 நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் நடந்த வன்முறையில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 உயிர்கள் பறிபோயின. அந்த அக்கிரமத்தை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது. அதற்குப் பின் சிறைக்கும் நீதிமன்றத்துக்குமாக அலைந்த குடும்பங்களிலும், கடை எரிந்து தொழில் இழந்த குடும்பங்களிலும் முதலில் நின்றது எது? பிள்ளையின் படிப்பு! புத்தகப் பையை இறக்கி வைத்த சிறுவர்கள் பட்டறைக்கும் தள்ளுவண்டிக்கும் போனார்கள். இன்று அவர்கள் தகப்பன்மார்கள். அவர்களுடைய பிள்ளைகள்தாம் இன்றைக்கு நம் பள்ளி வாசலில் நிற்கிறார்கள். இரண்டாவது தலைமுறையையும் அதே வாசலிலிருந்து திருப்பி அனுப்பப் போகிறோமா?

பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் கற்றுக் கொடுத்தால் அதுவே விடுதலைக்கு ஈடு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்றுக் கொண்ட வரலாறு நமக்குத் தெரியும். அன்று மதீனாவின் கருவூலம் நிரம்பி வழிந்ததா? இல்லை. வறுமை வாட்டிய காலம். அந்த நிலையிலும் கைக்கு வர வேண்டிய ஈட்டுப் பணத்தை விட்டுக் கொடுத்துப் பிள்ளைகளின் எழுத்தறிவை வாங்கினார்கள். நாமோ 'வியாபாரம் டல்' என்கிறோம்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வணிகர்களிடம் கணக்குப் பேசுவதுதான் முறை. 120 பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளியை எடுத்துக் கொள்ளுங்கள். ஆறு ஆசிரியைகளுக்குத் தலைக்கு 11,000 வீதம் 66,000 ரூபாய். இரண்டு ஆயாக்களுக்கு 14,000. வாடகை, மின்சாரம், தண்ணீர், சில்லறைச் செலவுகளுக்கு 20,000. மாதம் ஒரு லட்சம் ஆகிறது.

20 பிள்ளைகள் யத்தீம்கள், பரம ஏழைகள் என்று வைப்போம். மற்ற 100 பேர் மாதம் 500 கட்டினால் 50,000 வரும். அந்த 20 பேரின் கட்டணத்தை மஹல்லாவின் ஜகாத் நிதி, உலமாக்களின் வழிகாட்டலோடு ஏற்றுக் கொண்டால் 10,000. மீதி 40,000 துண்டு விழுகிறது. 80 கடைக்காரர்கள் மாதம் 500 ரூபாய் கொடுத்தால் துண்டு இல்லை! நாளுக்கு 17 ரூபாய் கூட ஆகவில்லை. கல்லாவில் உட்கார்ந்து குடிக்கும் ஒரு டீயின் விலை.

இந்தக் கணக்கிலும் ஒரு குறை உண்டு. 11,000 ரூபாய் ஒரு பட்டதாரி ஆசிரியைக்கு நியாயமான சம்பளமா? அவர்களும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகள்தாமே! அவர்களுடைய பொறுமையைத்தான் நாம் 'சேவை' என்று பெயரிட்டு இத்தனை நாள் செலவழித்து வருகிறோம். 15,000 ஆக்க வேண்டுமானால் இன்னும் 24,000 தேவை. அதாவது இன்னும் 48 கடைகள். டவுன்ஹாலிலும் பெரிய கடை வீதியிலும் உக்கடம் மார்க்கெட்டிலும் சேர்த்து 128 கடைகள் நமக்கு இல்லையா?

வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-ல் எழுந்தது. அதன் பின்னால் நின்றவர்கள் தோல் வணிகர்கள். திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியை 1951-ல் எழுப்பியவர்கள் ஜமால் முகம்மது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும். அவர்களும் வணிகர்களே. வியாபாரிகளின் கல்லாவிலிருந்துதான் தமிழக முஸ்லிம்களின் கல்வி பிறந்தது. காமராசர் காலத்தில் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் என்று கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போனபோது, சாதி மத வேறுபாடின்றி ஊர் மக்கள் பெஞ்சும் பலகையும் மணியும் நிலமும் கொண்டு வந்து கொடுத்தார்கள். அந்த மரபு செத்துவிடவில்லை. தட்டி எழுப்பத்தான் ஆளில்லை.

பெற்றோர் பங்கு என்றால் பணம் மட்டுமா?

இங்கே நிர்வாகிகளுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். பெற்றோரை நன்கொடைச் சீட்டாக மட்டும் பார்ப்பது பங்கேற்பு ஆகாது. கட்டாய நன்கொடை 2009-ம் ஆண்டின் தமிழகக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி குற்றமும் ஆகும். நாம் முன்வைக்கும் யோசனைகள் இவை.

ஒன்று: மாதந்தோறும் வரவு செலவை எழுதிப் பள்ளி வாசலில் ஒட்டுங்கள். கணக்குக் காட்டாத இடத்தில் பணம் நிற்காது. நம் பல நிறுவனங்கள் படுத்ததற்குக் காரணம் பணமில்லாமை அல்ல, நம்பிக்கையில்லாமை.

இரண்டு: பெற்றோர் குழு அமையுங்கள். அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும், பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்கிறது கட்டாயக் கல்விச் சட்டம். சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தாவிட்டால் என்ன? நல்லதை நாமாகச் செய்யலாமே! பிள்ளை என்ன படிக்கிறது, ஏன் வரவில்லை என்று அறிந்தவள் தாய். அவளைக் குழுவுக்கு வெளியே நிறுத்தாதீர்கள்.

மூன்று: கும்பகோணத்தை மறவாதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கீற்றுக் கூரையும் குறுகலான படியும் 94 பிள்ளைகளைப் பலி கொண்டன. சிக்கனம் என்ற பெயரில் கட்டடப் பாதுகாப்பில் கை வைக்காதீர்கள். பணம் பிறகு வரும், உயிர் வராது.

நான்கு: பணம் தர இயலாத பெற்றோர் உழைப்பைத் தரட்டும். தச்சர் பெஞ்சைச் சரி செய்வார். எலக்ட்ரீசியன் மின்விசிறியைப் பார்ப்பார். ஆட்டோ ஓட்டும் சகோதரர் நாலு பிள்ளைகளை இலவசமாகக் கொண்டு வந்து விடுவார். அதுவும் தர்மமே.

ஐந்து: மாநகராட்சிப் பள்ளியைப் போட்டியாகப் பார்க்காதீர்கள். அதுவும் நம் பள்ளிதான். அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் ஆயிரம் ஆயிரம். நம் பள்ளி ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் குற்றமில்லை. 2020-ல் வந்த மருத்துவக் கல்வி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்றே வகுக்கப்பட்டது. 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் நம் கோவையிலேயே தொடங்கி வைக்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளிகளையும் உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவர்களையும் கணக்கில் கொண்டவை. கடன் வாங்கி ஆங்கிலப் பள்ளியில் பன்னிரண்டு வரை படிக்க வைத்து, கடைசியில் இவற்றை இழந்து நிற்கும் பெற்றோர் நம்மில் எத்தனை பேர்? ஆறாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது என்று வழிகாட்டுவதும் தொடக்கப் பள்ளியின் கடமையே.

இளைஞர்களே!

சுவரொட்டி ஒட்டவும் மேடை போடவும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்த வாரம் வேறு வேலை செய்யுங்கள். உங்கள் மஹல்லாவில் தெருத் தெருவாகப் போய், ஐந்து முதல் பத்து வயதுக்குள் பள்ளி செல்லாத பிள்ளைகள் எத்தனை, கட்டணம் கட்ட முடியாமல் நின்றவர்கள் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் மக்தப் முடிந்த கையோடு கணக்கும் தமிழும் சொல்லிக் கொடுங்கள். அந்த நோட்டை ஜும்ஆ முடிந்ததும் முத்தவல்லியின் கையில் கொடுங்கள். விவரம் கையில் இருந்தால் எந்த நிர்வாகமும் தட்டிக் கழிக்க முடியாது.

கடைசியாக ஒன்று. நாம் தோள் கொடுப்பதால் அரசின் கடமை தீர்ந்து விட்டது என்று யாரும் கருத வேண்டாம். சொத்து வரியோடு சேர்த்துக் கல்வி வரி என்று நம் கடைக்கும் வீட்டுக்கும் மாநகராட்சி வசூலிக்கிறது. அந்தப் பணம் நம் வார்டுப் பள்ளியின் கழிவறைக்கும் வகுப்பறைக்கும் வந்ததா என்று கேட்பது பிச்சையல்ல, உரிமை. ஐந்தாம் வகுப்பு வரையிலான உதவித்தொகையைத் திரும்பத் தா என்று மத்திய அரசிடம் கேட்போம். 1991-க்குப் பின் தொடங்கிய சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் மானியம் கொடு என்று மாநில அரசிடம் கேட்போம். ஜனநாயக வழியில், சட்டத்தின் வழியில், ஓயாமல் கேட்போம்.

ஆனால் கேட்டது கிடைக்கும் வரை அந்தத் தாய் வாசலில் காத்து நிற்க முடியாது. பிள்ளையின் ஆறு வயது ஒருமுறைதான் வரும். தீர்ப்பு வந்த பிறகு, நிதி வந்த பிறகு, ஆட்சி மாறிய பிறகு அந்த வயதைத் திருப்பித் தர எவராலும் முடியாது.

இன்ஷா அல்லாஹ், நாளைக் காலை கடை திறக்கும் முன் உங்கள் தெருவின் சின்னப் பள்ளிக்கூடத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். 'இந்த மாதம் என்ன குறைகிறது?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மற்றதை உங்கள் மனசாட்சி சொல்லும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.