ஞானப்பல் எடுத்தா காபி கூடாதா? ஒரு த்ரெட்

"பல்லு புடுங்கியாச்சா? ஒரு வாரத்துக்கு காபி பக்கமே போகாத." பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க, மெடிக்கல் ஷாப் தம்பி சொல்றார், வாட்ஸ்அப் குரூப் சொல்லுது. இதுல பாதிதான் சரி. தப்பான மீதிப் பாதி பண்ற சேதாரத்தைப் பத்திதான் இந்த த்ரெட்.

நான் பல் டாக்டர் இல்ல, எம்பிபிஎஸ். ஆனா பல் எடுத்த ஆள் ராத்திரி பதினொரு மணிக்கு வாய் நிறைய ரத்தத்தோட வந்தா, விழுப்புரமோ திண்டிவனமோ, கேஷுவாலிட்டில உக்காந்திருக்கிற என்னை மாதிரி டியூட்டி டாக்டர்தான் முதல்ல பாக்கணும். அந்த உரிமைல எழுதுறேன்.

பல் இருந்த குழில ரத்தம் உறைஞ்சு கட்டியா நிக்கும். அடியில இருக்கிற எலும்புக்கு அதுதான் மூடி. அது சீக்கிரமே கரைஞ்சோ கழண்டோ போயிட்டா எலும்பு வெளிய தெரியும். இதுக்குப் பேர் ட்ரை சாக்கெட். 1896லயே வெச்ச பேரு. ரெண்டாவது நாள்ல இருந்து நாலாவது நாளுக்குள்ள வலி ஆரம்பிச்சு காது வரைக்கும் இழுக்கும், வாய் நாறும், சாதாரண வலி மாத்திரை கேக்காது. கீழ் ஞானப்பல் எடுத்தவங்களுக்குத்தான் இது அதிகம்.

இதுல காபியோட பங்கு என்ன? முதல் நாள் சூடு ஆகாது, அவ்வளவுதான். மரத்துப்போற ஊசியோட வேலை முடிய மூணு நாலு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் உதடு வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அந்த ஊசில ரத்தக் குழாயைச் சுருக்குற மருந்தும் இருக்கு. அது இறங்குற நேரத்துல கொதிக்கக் கொதிக்க எதைக் குடிச்சாலும் ரத்தக் கசிவு கூடும். எதைக் குடிச்சாலும்! டீ, ரசம், கஞ்சி எல்லாம் சேர்த்துத்தான். "காபி கூடாதுன்னாங்க சார், அதான் சூடா ஹார்லிக்ஸ் போட்டுக் குடுத்தோம்"னு என்கிட்டயே சொல்லியிருக்காங்க. காரணத்தைச் சொல்லாம பேரை மட்டும் சொன்னா இதுதான் நடக்கும்.

மறுநாள் ஆறின காபி? தாராளமா குடிங்க. காஃபின் ரத்தக் கட்டியைக் கரைக்கும்னு சொல்ல உருப்படியான ஆதாரம் எதுவும் கிடையாது. சொல்லப்போனா, வலி மாத்திரையோட 100 மில்லிகிராம் காஃபின் சேர்த்தா வலி கொஞ்சம் கூடுதலா அடங்குதுன்னு ஆய்வுகள் இருக்கு. அதுல நிறைய, பல் எடுத்தவங்களை வெச்சே பண்ணினது. காபியை நிறுத்தச் சொல்ற அதே வீட்டுல வலிக்கு சாரிடான் வாங்கித் தர்றாங்க. அட்டையைத் திருப்பிப் படிங்க, அதுல காஃபின் இருக்கு!

இன்னொண்ணு. தினம் மூணு காபி குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா ஒரு நாளைக்குள்ள தலைவலி மண்டையைப் பிளக்கும். அதைப் பல் வலின்னு நினைச்சு கூட ரெண்டு மாத்திரை போட்டுக்கிறாங்க.

எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான். நம்ம பக்கம் நிறைய பேருக்கு காலைச் சாப்பாடே ஒரு காபியும் நாலு பிஸ்கட்டும்தான். காபியை நிறுத்தினா அந்த பிஸ்கட்டும் சேர்ந்து நிக்குது. பல் எடுத்த ரெண்டாவது நாள் ஒரு அம்மாவைத் தூக்கிட்டு வந்தாங்க. வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, பாதி மயக்கம். வாய் வலில எதுவும் சாப்பிடல, காபியும் குடுக்கல. ஆனா மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வர்ற சுகர் மாத்திரையை மட்டும் வழக்கம்போல போட்டுட்டாங்க. சுகர் அடியில போயிடுச்சு. குளுக்கோஸ் ஏத்தினதும் எழுந்து உக்காந்து, "காபி குடிக்கவே இல்ல சார்"னு பெருமையா சொன்னாங்க. வீட்டுல அதை மட்டும்தான் மிரட்டிச் சொல்லியிருக்காங்க.

உண்மையான வில்லன் சட்டைப் பைல இருக்கு. பீடி, சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு ட்ரை சாக்கெட் வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட ஏறக்குறைய மூணு மடங்கு. நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கும், உறிஞ்சுற இழுப்புல கட்டியும் ஆடும். ஹான்ஸ் வைக்கிறவங்க புண்ணு மேலயே புகையிலையை அடக்கி வைக்கிறாங்க. ஒரு டிரைவர் அண்ணன் நாலு நாளா காபியைத் தொடலயாம், பீடி மட்டும் "கொறச்சிக்கிட்டேன், நாளைக்கு ஆறுதான்"னார். அவர் கைல இருந்த அச்சடிச்ச சீட்டுல முதல் வரி 'காபி, டீ தவிர்க்கவும்'. பீடியைப் பத்தி ஒரு எழுத்து இல்ல.

அடுத்த வில்லன், துப்புறது. ரத்தத்தை முழுங்கக் கூடாதுன்னு ராத்திரி பூரா துப்பிக்கிட்டே இருப்பாங்க. துப்பத் துப்ப கட்டி நகரும், ரத்தம் நிக்காது. எச்சில்ல கலந்த ரெண்டு சொட்டு ரத்தம் ஒரு கிண்ணம் மாதிரி தெரியும், பயப்படாதீங்க. சுத்தமான காஸ் துணியை மடிச்சு வெச்சு அரை மணி நேரம், திறந்து திறந்து பாக்காம, அழுத்திக் கடிங்க. அப்பவும் நிக்கலன்னா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்கன்னா, உடனே வாங்க. அந்த மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

"சார், ஜனங்க கொதிக்கக் கொதிக்கத்தான் குடிப்பாங்க, அதான் மொத்தமா வேணாம்னு சொல்றோம்"னு ஒரு நண்பர் வாதம் பண்ணினார். ஜனங்களுக்குப் புரியாதுன்னு நாமளே முடிவு பண்ணிக்கிறோம். டபராவுல ஆத்திக் குடிக்கிற பழக்கம் உள்ள ஊருக்கு 'ஆத்திக் குடி'ன்னா புரியாதா? ஓபில கூட்டம் எனக்கும் தெரியும். அந்த ரெண்டு வார்த்தைக்கு ரெண்டு செகண்ட் போதும்.

ஆக, பல் எடுத்த அன்னிக்கு திண்டிவனம் - விழுப்புரம் ரோட்டுல டிகிரி காபிக் கடையைப் பாத்தா வண்டியை நிறுத்தாதீங்க. மறுநாள் நல்லா ஆத்தி, எதிர்ப்பக்கமா குடிங்க. கோல்டு காபின்னாலும் ஸ்ட்ரா வேணாம். உப்புத் தண்ணி கொப்பளிக்கிறது 24 மணி நேரத்துக்கு அப்புறம், மெதுவா.

தாடைக்கு அடியில வீக்கம் ஏறுது, காய்ச்சல், வாய் திறக்க முடியல, எச்சில் முழுங்க முடியல, மூச்சு வாங்குதுன்னா சீழ் கழுத்துக்கு இறங்குதுன்னு அர்த்தம். அது உயிரை எடுக்கும். அந்த நேரத்துல காபி குடிச்சதாலயா இல்லையான்னு வீட்டுல பட்டிமன்றம் நடத்தாம 108க்கு போன் பண்ணுங்க. முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ் ராத்திரியும் திறந்துதான் இருக்கு.